மெத் டோபமின் கடத்தியை அடைக்கிறதா, திருப்பி ஓட்டுகிறதா?

கித்தாக்காட்டுப் பெண் எழுதியது:

மருந்தியல் முதலாண்டு படிக்கிறேன், விடுமுறைக்கு சுங்கை சிப்புட் வந்திருக்கிறேன். அடுத்த வாரம் கோயில் மண்டபத்தில் இளைஞர்களுக்கு பில் குடா பற்றி அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள், நானும் பெருமையாகத் தலையாட்டிவிட்டேன். அது மெத்தாம்ஃபெடமினும் கஃபைனும் கலந்த மாத்திரை, அதுவரை தெரியும். நரம்பணு சமிக்ஞைக்காக வெளியே விட்ட டோபமின் என்ற வேதிப்பொருளை மறுபடி உள்ளே இழுக்க அதன் சவ்வில் ஒரு கடத்தி இருக்கிறது, மாத்திரை அதை அடைத்துவிடுகிறது, டோபமின் வெளியே தேங்குகிறது, இப்படித்தான் சொல்லலாம் என்று இருந்தேன். குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தால் அடைப்பது கொக்கேயின், ஆம்ஃபெடமின் (மெத்தும் அந்தக் குடும்பம்தான்) கடத்தியைத் "திருப்புகிறது" என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். உள்ளே இழுக்கிற ஒன்று எப்படி வெளியே தள்ளும்?

இன்னொன்று. நேற்று ஒட்டுக்கடையில் இதை அப்பாவிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசையில் தே ஓ குடித்துக்கொண்டிருந்த செம்பனை லோரி ஓட்டும் அங்கிள் ஒருவர், "நீ சொல்றபடி அடைச்சா போதும்னா, ரெண்டு ராத்திரி முழிச்சவனுக்கு மூணாவது நாள் அதே மாத்திரை ஏன்மா ஏற மாட்டேங்குது?" என்று கேட்டுவிட்டார். முழித்தேன்.

மண்டோர் மகன்:

தங்கச்சி, அவர் லோரி ஓட்டுகிறவர் என்பதால் லோரியை வைத்தே சொல்கிறேன். அந்தக் கடத்தி திறந்து கிடக்கிற வாசல் இல்லை. ஒரு நேரத்துக்கு ஒரு பக்கம்தான் திறக்கும்: வெளிப்பக்கம் திறந்து டோபமினை ஏற்றிக்கொள்ளும், மூடும், உட்பக்கம் திறந்து இறக்கிவிடும், காலியாகத் திரும்பி வரும். டவுனில் ஆள் ஏற்றித் தோட்டத்துக்குள் இறக்கிவிடுகிற லோரி மாதிரி. கொக்கேயின் ஏறி உட்கார்ந்துகொண்டு கதவைச் சாத்தவிடாத ஆள், லோரி அங்கேயே நின்றுவிடும். ஆம்ஃபெடமின் அப்படி இல்லை, பார்க்க டோபமினுக்குச் சித்தப்பா மகன் மாதிரி இருக்கும், ஆகவே முறையாக ஏறி உள்ளே போய் இறங்கிக்கொள்கிறது. இப்போது லோரி தோட்டத்துப் பக்கம் பார்த்து நிற்கிறது. வழக்கமாக அங்கே ஏற ஆள் இருக்காது, ஏனென்றால் டோபமின் எல்லாம் லயத்துக்குள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்), அதாவது நரம்பணுவின் நுண்பைகளுக்குள் பூட்டியிருக்கும். உள்ளே போன ஆம்ஃபெடமின் நேராக லயத்துக்குப் போய் எல்லாரையும் முற்றத்துக்குக் கிளப்பிவிடுகிறது. அப்புறம் என்ன, திரும்புகிற லோரி நிறைய ஆள்.

மருந்துக்கடை அக்கா:

லயம் நன்றாக இருக்கிறது தம்பி, ஆனால் உங்கள் லோரிக்கு எஞ்சின் எங்கே? சோடியம்தான். செல்லுக்கு வெளியே சோடியம் உள்ளே இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். அது உள்ளே சரிகிற வேகத்தில்தான் ஒவ்வொரு டோபமினும் இரண்டு சோடியம், ஒரு குளோரைடோடு சேர்ந்து உள்ளே வருகிறது. ஆம்ஃபெடமின் ஏறும்போதும் சோடியம் கூடவே ஏறுகிறது, அதனால் கடத்தியின் உள்வாய் அருகே சோடியம் கூடக்கூட எதிர்த்திசை ஓட்டம் எளிதாகிறது.

லயத்திலிருந்து எப்படிக் கிளப்புகிறது என்பதை விட்டுவிட்டீர்கள், எனக்கு அதுதான் பிடித்த இடம். நுண்பைக்குள் அமிலம், பிஎச் சுமார் 5.5. அந்த அமிலத்தின் புரோட்டான்களைக் கொடுத்துத்தான் நுண்பைச் சவ்வில் உள்ள விமாட்2 என்ற இன்னொரு கடத்தி டோபமினை உள்ளே வாங்கி வைக்கிறது, ஒன்றுக்கு இரண்டு புரோட்டான் கணக்கு. ஆம்ஃபெடமின் ஒரு காரம். தோட்டத்துப் பால் ஸ்டோரில் கித்தாப்பால், அதாவது ரப்பர் பால், உறையாமல் இருக்க அமோனியா ஊற்றுவார்களே, மூக்கை அறுக்குமே, அதே சங்கதி: காரம் உள்ளே போனால் அமிலம் அடங்கும். அமிலம் அடங்கினால் டோபமினைப் பிடித்து வைக்க விலை கொடுக்க முடியாது, கசிந்து வெளியே வந்துவிடும். போதாததற்கு ஆம்ஃபெடமின் விமாட்2-இலும் டோபமினோடு போட்டி போடுகிறது. (1990இல் சல்சர், ரேபோர்ட் என்ற இருவர் முன்வைத்த விளக்கம் இந்தக் காரக் கதை.)

சும்மா ஆள் மாற்றுகிற கதை மட்டும் போதாது என்பதற்கும் சான்று இருக்கிறது. கடத்திக்கு உள்பக்கம் ஒரு வால் தொங்கும், ஆம்ஃபெடமின் வந்தால் செல்லின் நொதிகள் அந்த வாலில் பாஸ்பேட்டை ஒட்டும். 2004இல் வந்த ஆய்வில் வாலின் முதல் 22 அமினோ அமிலங்களை வெட்டிப் பார்த்தார்கள். டோபமினை உள்ளே இழுப்பது பழையபடி நடந்தது, ஆம்ஃபெடமினால் வெளியே கொட்டுவது மட்டும் வெகுவாகக் குறைந்துவிட்டது.

கித்தாக்காட்டுப் பெண்:

அக்கா, அமோனியா உதாரணத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், பாட்டி பால் ஸ்டோரில் வேலை பார்த்தவர். அப்படியென்றால் நரம்பில் சமிக்ஞை வந்து, கால்சியம் நுழைந்து, நுண்பை சவ்வோடு ஒட்டித் திறப்பது எதுவுமே தேவையில்லையா?

மருந்துக்கடை அக்கா:

இந்த வழிக்குத் தேவையில்லை. சங்கு ஊதாமலே ஆட்கள் வெளியே வருகிறார்கள். சமிக்ஞைக்கும் டோபமினுக்கும் இருந்த தொடர்பே அறுந்துபோகிறது, எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் மூளைக்கு "நல்லது நடந்தது" என்ற செய்தி.

மண்டோர் மகன்:

இதையெல்லாம் மண்டபத்தில் சொன்னால் பையன்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள் லா. நெஞ்சு படபடப்பில் ஆரம்பி. நோரெபிநெஃப்ரின் என்ற இன்னொரு நரம்பு வேதிப்பொருளின் கடத்தியையும் மெத் இதே மாதிரி திருப்புகிறது, அதனால்தான் இதயம் அடித்துக்கொள்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, பசி தெரிவதில்லை. செரோடோனின் என்ற மூன்றாவது ஒன்றின் கடத்தியில் இதன் கை அவ்வளவு நீளாது, அங்கே எக்ஸ்டசி என்ற போதை மாத்திரைதான் பெரிய ஆள்.

மருந்துக்கடை அக்கா:

அங்கிள் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. மூன்றாம் நாள் லயத்தில் ஆள் குறைந்துவிடும். புது டோபமின் செய்ய நேரம் பிடிக்கும், செல்லும் கடத்திகளில் ஒரு பகுதியைச் சவ்விலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆகவே லோரியும் குறைவு. இதற்கிடையில் முற்றத்தில் நின்ற டோபமின் ஆக்சிஜனோடு சேர்ந்து நரம்பு முனையையே அரிக்கிறது. அவன் இன்னொரு மாத்திரை போடுவான், ஏறாது, நெஞ்சு மட்டும் அடிக்கும்.

கித்தாக்காட்டுப் பெண்:

சாயங்காலம் அங்கிளிடம் சொன்னேன். கோப்பையை வைத்துவிட்டு, "சரக்கு தீர்ந்த கடையில கதவைத் தட்டுனா எப்படி" என்றார். பிறகு அவரோடு ஓட்டிய ஒருவரைப் பற்றி வெகுநேரம் பேசினார், அதை இங்கே எழுத மனம் வரவில்லை. மண்டபத்துக்கு அவரும் வருகிறாராம்.