விடைக்கோழிகளுக்குக் கால் விளங்காமல் போகிறது: தொற்று நோயா?

கேள்வி (ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து)

வணக்கம். எங்கள் தோட்டத்து வீட்டில் 23 நாட்டுக்கோழிகள் நிற்கின்றன. அவற்றுள் 9, ஏறக்குறைய மூன்றரை மாத வயதுள்ள விடைகள். அவற்றை இரண்டு மாதங்களுக்கு முன் சந்தையில் வாங்கி, தனியே வைக்காமல் அன்றே மற்றவற்றோடு விட்டுவிட்டேன். பத்து நாட்களுக்கு முன் ஒரு விடை நொண்டத் தொடங்கியது. நாய் விரட்டியதில் சுளுக்கியிருக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் இடது காலை முன்னும் வலது காலைப் பின்னுமாக நீட்டியபடி படுத்துவிட்டது. முன்னால் கம்பைத் தூவினால் ஆவலாகக் கொத்தியது, கண்ணும் தெளிவாகவே இருந்தது, எழத்தான் முடியவில்லை. நேற்று அது இறந்துவிட்டது. இப்போது இன்னும் இரண்டு அதே நிலையில் கிடக்கின்றன.

எச்சம் பச்சையாக இருப்பதால் வெள்ளைக்கழிச்சல் என்கிறார் என் தந்தை. பெரிய கோழிகளுக்குப் பிப்ரவரி முகாமில் கழிச்சல் தடுப்பூசி போட்டிருக்கிறோம், விடைகளுக்குப் போடவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரோ, மீதியைச் சாவதற்குள் சந்தையில் தள்ளிவிடச் சொல்கிறார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பதால் இது மனிதருக்கு ஒட்டுமா, முட்டையை உண்ணலாமா என்பதையும் தெரிவித்தால் நன்றாக இருக்கும்.

மறுமொழி 1 (கால்நடைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன்)

ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னும் நீண்டு கிடப்பதும், பசி குன்றாமல் இருப்பதும், மூன்று நான்கு மாத வயதும் சேர்ந்து வரும்போது முதலில் ஐயுற வேண்டியது மேரெக்ஸ் நோயை. 1907-இல் ஹங்கேரியைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் யோசப் மாரெக், கால் விளங்காத நான்கு சேவல்களைக் கொண்டு இதை முதன்முதலாக விவரித்தார். ஹெர்பிஸ் வகை வைரஸ் ஒன்று காலுக்குச் செல்லும் நரம்பைத் தாக்கி வீங்கச் செய்கிறது. அது இறகின் வேரில் பெருகி, உதிரும் பொடுகோடும் தூசியோடும் காற்றில் பரவுகிறது. ஆகவே, ஒரே கூட்டில் அடைந்த மற்றக் கோழிகளுக்கும் வைரஸ் இதற்குள் சென்றிருக்கும். ஆனால் சென்றவை அனைத்தும் படுத்துவிடுவதில்லை.

வெள்ளைக்கழிச்சலிலும் கால் இழுப்பது உண்டு. ஆனால் அதில் பெரும்பாலும் வாயைத் திறந்து மூச்சு வாங்கும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், தடுப்பூசி போடாத விடைகள் ஒரு வாரத்தில் கொத்துக் கொத்தாகச் சாகும். பச்சை எச்சத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். போதிய இரை எடுக்காத எந்தக் கோழியும் பித்தநீரால் பச்சையாகத்தான் போகும்.

மேரெக்ஸ் மனிதருக்கு ஒட்டாது, முட்டை வழியாகவும் பரவாது. நலமாக உள்ள கோழிகளின் முட்டையை நன்கு வேகவைத்து உண்ணலாம். படுத்த கோழியை அறுத்து உண்ண வேண்டாம். இறந்ததைச் சுண்ணாம்பு தூவி ஆழப் புதையுங்கள். ஒரே நாளில் பல கோழிகள் கொண்டை நீலம் பாரித்துச் செத்தால், கையால் தொடாமல் உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். சந்தையில் தள்ளுவதைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன்: உங்களுக்கு இந்த விடைகளை விற்றவரும் அப்படித் தள்ளியவராக இருக்கக்கூடும்.

மறுமொழி 2 (கொடுமுடியிலிருந்து)

ஐயா சொல்வது சரியாக இருக்கலாம். ஆனாலும் மருந்தில்லாத நோய் என்று முடிவு கட்டும் முன், மருந்துள்ள ஒன்றை விலக்கிவிடுவது நல்லது. சென்ற ஆண்டு எங்கள் கோழிகள் கால் இழுத்தபோது நாங்களும் மேரெக்ஸ் என்றே நம்பினோம். இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச் அடித்துப் பார்த்தபோது, கூட்டின் பலகை இடுக்குகளிலிருந்து தட்டையான சாம்பல் நிற உண்ணிகள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தன. பகலில் ஒன்றுகூடக் கண்ணில் படாது. அவற்றின் குஞ்சுகள் இறக்கையின் அடியில் கருப்புப் புள்ளிகளாக நாள்கணக்கில் ஒட்டியிருந்து கோழியை முடக்குகின்றன. உண்ணி கடிப்பதால் வரும் ஒரு காய்ச்சலிலும் பச்சையாகக் கழிந்து கால் விழும், அதற்கு பெனிசிலின் கேட்கும். இறக்கையைத் தூக்கிப் பாருங்கள். நாங்கள் பழைய மரக்கூட்டையே எரித்துவிட்டோம்.

கேட்டவரின் பதில்

இருவருக்கும் நன்றி. இரண்டு இரவுகள் டார்ச் அடித்துப் பார்த்தும் உண்ணி ஒன்றும் தென்படவில்லை. இன்று காலை இறந்த இரண்டாவது விடையைப் பனிக்கட்டி வைத்த பெட்டியில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் தொடையின் உட்புறத் தசையை விலக்கி இரு பக்க நரம்புகளையும் காட்டினார். ஒன்று வெள்ளை நூலாக, குறுக்கே மெல்லிய வரிகளோடு பளபளத்தது. மற்றது அதைப்போல் இரு மடங்கு தடித்து, வரியே இல்லாமல் மஞ்சள் பூத்திருந்தது. மேரெக்ஸ்தான் என்றார். படுத்திருக்கும் மூன்றாவதை என்ன செய்வது, புதிய குஞ்சுகளை எப்போது விடலாம்?

மறுமொழி 1

மூன்றாவதை வலியின்றி முடித்துவைக்க அந்த மருத்துவரிடமே கேளுங்கள்; எண்ணெய் தேய்ப்பதால் அந்த நரம்பு மீளாது. கூட்டுத் தூசியில் இந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். எனவே பழைய உமியையும் இறகையும் எரித்து, தரையைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, அடுத்த குஞ்சுகளை வேறிடத்தில் வளருங்கள். பொரித்த முதல் நாளே மேரெக்ஸ் தடுப்பூசி போட்ட பொரிப்பகத்துக் குஞ்சுகளை வாங்குங்கள். அந்த ஊசி நோயைத் தடுக்குமே தவிர வைரஸ் உள்ளே நுழைவதைத் தடுக்காது. ஊசி வேலை செய்யவும் ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை பெரிய கோழிகளிடம் போய்வந்த செருப்போடு குஞ்சுக் கூண்டருகே செல்லாதீர்கள்.