பி650 போர்டில் ஓவர்கிளாக் வீணா? (14 ஃபேஸா, 7 ஃபேஸா சண்டை உள்ளே)

பயாஸ்பாண்டி:
நேற்று ஒரு காணொளியில் ஒருவர் அடித்துவிடுகிறார்: ஏஎம்டி சிபியூவுக்கான பி650 மதர்போர்டில் ஓவர்கிளாக் செய்வது (சிபியூவை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) காசைக் கரியாக்குவதாம், எக்ஸ்670 வாங்க வக்கில்லாதவர்கள் அந்த ஆசையையே விட்டுவிட வேண்டுமாம். பற்றிக்கொண்டு வந்தது. எக்ஸ்670 என்பதே பி650இல் இருக்கும் அதே சிப்செட் சிப் இரண்டைக் கோர்த்ததுதான். கூடுதலாகக் கிடைப்பது யூஎஸ்பி போர்ட்டும் பிசிஐஇ லேனும் (கார்டு, எஸ்எஸ்டி மாட்டும் தடம்). சிபியூவுக்கு மின்சாரம் கொடுப்பது விஆர்எம் என்ற மின்சுற்று, சிப்செட் இல்லை. எம்எஸ்ஐ டோமாஹாக் பி650 நடுத்தர விலைதான். அதன் விஆர்எம்மில் 14 ஃபேஸ் (மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் பிரிவு), ஒவ்வொன்றும் 80 ஆம்பியர். இதற்கு மேல் என்ன வேண்டும்?

சாலிடர்சாமி:
காணொளிக்காரர் உளறியது சரி. நீங்களும் ஏன் உளறுகிறீர்கள்? அது 14 இல்லை, 7. 'டூயட் ரெயில்' என்று எம்எஸ்ஐயே போட்டிருக்கிறதே, படிக்கவில்லையா? விஆர்எம் கன்ட்ரோலரின் ஒரு சிக்னலில் இரண்டு பவர் ஸ்டேஜ் (மின்சாரத்தை விடும் சிப்) சேர்ந்து ஓடுகிறது.

பயாஸ்பாண்டி:
சாக்கெட்டைச் சுற்றி 14 சோக், அதாவது மின்சுருள், உட்கார்ந்திருக்கிறது. எண்ணத் தெரிந்தால் எண்ணிப் பாருங்கள். 14.

சாலிடர்சாமி:
ஒரு வண்டியில் இரண்டு மாடு பூட்டினால் அது இரண்டு வண்டி ஆகிவிடுமா? 7.

பயாஸ்பாண்டி:
இழுப்பது இரண்டு மாடுதானே சாமி? 14.

புதுபிசி குமார்:
அண்ணே, எனக்கு ரைசன் 7700எக்ஸ் சிபியூ, போர்டுக்கு 18,000 ரூபாய் வரை போகலாம். ஒரு சந்தேகம். ஃபேஸ் என்று சோக்கை எண்ணுகிறீர்களா, சிக்னலை எண்ணுகிறீர்களா? ஓவர்கிளாக் என்றால் பிபிஓவை (ஏஎம்டியின் தானியங்கி வேகமேற்றி) ஆன் செய்வதா, கையால் மல்டிப்ளையரை (கிளாக் வேகப் பெருக்கி) ஏற்றுவதா?

பயாஸ்பாண்டி:
தம்பி, கொஞ்சம் பொறுங்கள். முதலில் இவருக்கு எண் கற்றுக்கொடுத்துவிட்டு வருகிறேன்.

கோவை கேமர்:
கணக்கு போட்டால் சண்டையே வேண்டாம். 7700எக்ஸின் ஸ்டாக் பவர் லிமிட் 142 வாட், உச்ச மின்னோட்டம் 170 ஆம்பியர். 60 ஆம்பியர் ஸ்டேஜ் எட்டு இருந்தாலே 480. பிபிஓ போட்டாலும் தாங்கும். அந்தச் சிப் சினிபெஞ்ச் சோதனையில் 95 டிகிரி போவது போர்டால் இல்லை, ஏஎம்டி அப்படித்தான் வடிவமைத்திருக்கிறது. பயாஸின் கர்வ் ஆப்டிமைசரில் (வோல்டேஜைக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 20 முயலுங்கள், நிலையாக ஓடுகிறதா என்று பாருங்கள். ரேமில் 6000 வேகம், சிஎல்30 தாமதம், இரண்டு ஸ்டிக். நான்கு ஸ்டிக் போட்டால் ஏஎம்டி உறுதி தருவது 3600 வரைதான்.

சாலிடர்சாமி:
எல்லாம் சரி. ஆனால் 7.

இன்டெல் இளங்கோ:
இதற்குத்தான் இன்டெல் வாங்கச் சொல்வது. 2023இல் ஏஎம்டியின் 7800எக்ஸ்3டி சாக்கெட்டோடு கருகியது மறந்துபோச்சா? ஏஎம்டி ஓடிவந்து எஸ்ஓசி வோல்டேஜை (சிபியூவுக்குள் மெமரி கன்ட்ரோலர் பகுதிக்குப் போவது) 1.3 வோல்ட்டில் நிறுத்தியதே!

பயாஸ்பாண்டி:
வந்துட்டாரய்யா. உங்கள் 13, 14ஆம் தலைமுறைச் சிப்கள் 2024இல் கேம் நடுவில் மண்டையைப் போட்டபோது எங்கே போயிருந்தீர்கள்? இன்டெலே மைக்ரோகோடு திருத்தம் விட்டு, வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டியது. அது போக, இன்டெலில் மல்டிப்ளையரைத் தொட வேண்டும் என்றால் பெயரில் கே உள்ள சிப்பும் வேண்டும், இசட் வரிசைப் போர்டும் வேண்டும். இன்டெலின் பி760 வாங்கினால் ரேமை மட்டும் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். இங்கே ஏஎம்டியில் பி650 போர்டிலேயே சிபியூவை ஏற்றலாம். அதைவிட மலிவான ஏ620இல் முடியாது. நடுத்தர விலைத் திரியில் இன்டெலுக்கு என்ன வேலை?

இன்டெல் இளங்கோ:
இன்டெல் பி660இலேயே நான்-கே சிப்பை பேஸ் கிளாக்கில் (மல்டிப்ளையர் பெருக்கும் அடிப்படை கிளாக்) ஏற்றினோம் ஐயா. வெளி கிளாக் ஜெனரேட்டர் வைத்த போர்டுகள் இருந்தன.

பயாஸ்பாண்டி:
இருந்தன. விரல் விட்டு எண்ணலாம். எண்ணும்போது சாமியையும் கூப்பிடுங்கள், பாதியாகச் சொல்லிவிடுவார்.

சாலிடர்சாமி:
போன வருஷம் பவர் சப்ளை திரியில் உங்கள் பேச்சை நம்பி வாங்கியவர்கள் பாடு எல்லோருக்கும் தெரியும். அதைக் கிளற வேண்டாம் என்று பார்க்கிறேன்.

பயாஸ்பாண்டி:
கிளறுங்கள். அந்த ஆள் பழைய பவர் சப்ளையின் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிளைப் புதியதில் செருகினார். கம்பெனிக்குக் கம்பெனி பின் வரிசை மாறும் என்று அதே திரியில் மூன்றாம் பதிவில் எழுதியிருக்கிறேன். படிக்காதவருக்கு நான் பொறுப்பா?

ரிச்சி தெரு ரவி:
எனக்கு ஒரு கடையில் ஹீட்சிங்க்கின் தெர்மல் பேடில் பாதுகாப்புத் தாள்கூட உரிக்காத போர்டைப் புதுசு என்று விற்றார்கள். விஆர்எம் 100 டிகிரியைத் தாண்டியது. உரித்து மாட்டியதும் 70க்குள் வந்துவிட்டது. ஃபேஸை எண்ணுவதற்கு முன் ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள். மே மாசம், ஏசி இல்லாத ரூம் வேறு.

பயாஸ்பாண்டி:
ரூமுக்கு ஏசி போடுவது போர்டு திரியில் வராது. 14க்குப் பதில் வந்ததா? இல்லை.

புதுபிசி குமார்:
அண்ணே, பி650ஈ வாங்கலாமா? கிராபிக்ஸ் ஸ்லாட்டில் பிசிஐஇ ஜென்5 வருமாம்.

கோவை கேமர்:
தேவையில்லை குமார். கிராபிக்ஸ் கார்டுக்கு ஜென்4 போதும். மிச்சப் பணத்தில் நல்ல கூலர் வாங்குங்கள். முதல் தடவை ஆன் செய்யும்போது டிரேம் விளக்கு எரிந்து, திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். போர்டு ரேமைச் சோதித்துப் பழக்கும் ரேம் டிரெய்னிங் அது. பயந்து ஸ்விட்சை அணைத்துவிடாதீர்கள்.

சாலிடர்சாமி:
கூலர், ஸ்லாட் என்று பேச்சை மாற்ற வேண்டாம். பாண்டி சார், கன்ட்ரோலர் சிப்பின் எண் தெரியுமா? அதன் டேட்டாஷீட்டில் எத்தனை சேனல் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

பயாஸ்பாண்டி:
டேட்டாஷீட் நீங்கள் போடுங்கள், சோக்குகளின் போட்டோ நான் போடுகிறேன். ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதி வட்டம் போட்டே போடுகிறேன். ஒன்றிலிருந்து 14 வரை.