கிளாரினெட், வயலின், பியானோ: மூவரும் சேர்ந்து என்ன வாசிக்கலாம்?

உட்லண்ட்ஸ் மாமா:
எல்லாருக்கும் வணக்கம். உயர்நிலைப் பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசித்தவன் நான். இருபது வருடமாகப் பெட்டிக்குள் கிடந்ததைப் போன வருடம்தான் வெளியே எடுத்தேன். அக்கா மகள் வயலினில் ஏழாம் கிரேடு முடித்திருக்கிறாள். என் அலுவலக நண்பர் பியானோ வாசிப்பார், என்னைவிடப் பல மடங்கு நன்றாக. நவம்பரில் அப்பாவுக்கு எழுபதாவது பிறந்தநாள். சமூக மன்றத்தில் அறை எடுத்திருக்கிறோம். மூன்று பேரும் இருபது நிமிடம் வாசிக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

'கிளாரினெட் ட்ரியோ' என்று தேடினால் பீத்தோவன் ஓபஸ் 11, பிராம்ஸ் ஓபஸ் 114 என்று செல்லோ உள்ளவைதான் வருகின்றன. சில சமயம் மூன்று கிளாரினெட்டுக்கான பாட்டும் வருகிறது! கடைசியில் மோசார்ட்டின் கே. 498 கிடைத்தது. பழைய அட்டை ஒன்றில் வயலின் என்று போட்டிருந்ததை நம்பி அச்செடுத்தேன். அக்கா மகள் முதல் வரியைப் பார்த்தாள். "மாமா, இது என்ன கிளெஃப்?" (வரியின் தொடக்கத்தில், சுரங்களை எப்படிப் படிப்பது என்று காட்டும் குறி.) சிரமப்பட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, "இந்த சுரமெல்லாம் என் வயலினில் இல்லவே இல்லை" என்றாள். எங்கே தப்பு செய்தேன்?

தோபாயோ வயலின் டீச்சர்:
தப்பு உங்களுடையது இல்லை, அந்த அட்டையுடையது. கே. 498 மோசார்ட் 1786-ல் கிளாரினெட், வயோலா, பியானோவுக்கு எழுதியது. 1788-ல் வியன்னாவில் ஆர்ட்டாரியா அதை அச்சிட்டபோது, கிளாரினெட் வாசிப்பவர்கள் குறைவு என்பதாலோ என்னவோ, வயலினை முன்னால் போட்டுவிட்டார்கள். அந்த வயலின் உங்கள் இடத்துக்கு வந்தது. அக்கா மகள் கையில் இருப்பது வயோலா பகுதி. வயலினின் கடைசிக் கம்பி ஜி-யோடு நின்றுவிடும், வயோலா அதற்கும் கீழே சி வரை போகும். அந்த இடைவெளியில்தான் உங்கள் ஒத்திகை விழுந்திருக்கிறது.

இதே கண்ணி இன்னும் உண்டு. ஷூமனின் ஓபஸ் 132-ல் 'வயலினும் ஆகும்' என்று இருக்கும். அங்கேயும் வயலின் கிளாரினெட்டுக்குத்தான் மாற்று, வயோலா அப்படியே இருக்கும். அந்த 'வயலினும் ஆகும்' எந்த வாத்தியத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அச்செடுங்கள்.

பழைய பேண்ட்காரன்:
டீச்சர் சொன்னது சரி. அப்புறம், 'ட்ரியோ' என்று தேடாதீர்கள். மூன்று வாத்தியப் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். அதோடு 'வெர்டேர் ட்ரியோ' என்றும் தேடிப் பாருங்கள். 1972-ல் அமெரிக்காவில், மிச்சிகனில் தொடங்கிய குழு. இந்த மூன்று வாத்தியத்துக்குப் பாட்டு போதாது என்று 200-க்கும் மேற்பட்ட படைப்புகளைக் கேட்டு எழுதி வாங்கியவர்கள். பெரும்பாலானவை நமக்கு எட்டாதவை, ஆனால் இந்தச் சேர்க்கை எப்படி ஒலிக்கும் என்று காது பழகும்.

உங்களுக்கு என் முதல் தேர்வு பிரெஞ்சு இசையமைப்பாளர் மியோ. 1936-ல் ஒரு நாடகத்துக்கு எழுதிய இசையிலிருந்து அவரே எடுத்துத் தொகுத்த சூட் (சிறு பகுதிகளின் தொகுப்பு), ஓபஸ் 157பி. நான்கு பகுதி, பன்னிரண்டு நிமிடம் போல. முதல் பகுதியில் பிரேசில் வாடை அடிக்கும். மனிதர் இரண்டு வருடம் அங்கே இருந்தவர். மூன்றாவதில் பியானோவே கிடையாது, நீங்களும் அக்கா மகளும் மட்டும். நண்பர் தண்ணீர் குடிக்கலாம்.

கச்சதூரியன் ட்ரியோ (1932) இதைவிட அழகு, இதைவிடக் கஷ்டம். கடைசிப் பகுதி ஓர் உஸ்பெக் நாட்டுப்புற மெட்டை வைத்து எழுதியது. கிளாரினெட் தனியாகத் தொடங்கும், கமகம் போலவே சுழன்று சுழன்று வரும். ஸ்ட்ராவின்ஸ்கி தன் 'படைவீரன் கதை' சூட்டை, செலவுக்குப் பணம் தந்த ரைன்ஹார்ட் என்ற புரவலருக்காக 1919-ல் இந்த மூன்று வாத்தியத்துக்கு அமைத்தார். அந்தப் புரவலரும் நம்மைப் போலப் பொழுதுபோக்குக் கிளாரினெட்காரர்தான். அதை நம்பி ஏமாறாதீர்கள், தாளம் அளவுக்கு அளவு மாறும்.

பார்ட்டோக்கின் 'கான்ட்ராஸ்ட்ஸ்' பக்கமே போக வேண்டாம். கிளாரினெட் மேதை பென்னி குட்மனுக்கும் வயலின் மேதை சிகெட்டிக்கும் எழுதியது. சுருதி வேறான ஏ கிளாரினெட், பி ஃபிளாட் கிளாரினெட் இரண்டும் வேண்டும், வயலினுக்குக் கடைசிப் பகுதியில் கம்பிகளை வேறு மாதிரி சுருதி கூட்ட வேண்டும், அதற்கென்று இன்னொரு வயலின். பிறந்தநாள் விழாவுக்கு நான்கு வாத்தியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவீர்களா?

உட்லண்ட்ஸ் மாமா:
கும்பிடுகிறேன் அண்ணே. என்னிடம் பி ஃபிளாட் மட்டும்தான், அதனால் பார்ட்டோக் தானாகவே கழன்றது. மியோ இலவசமாகக் கிடைக்குமா? பன்னிரண்டு நிமிடம் போக மீதி எட்டு நிமிடத்துக்கு என்ன செய்வது? அப்பா ஏ.கே.சி. நடராஜன் கேட்டு வளர்ந்தவர். கிளாரினெட் என்றாலே அவருக்குக் கர்நாடக சங்கீதம்தான். முழுக்க முழுக்க மேற்கத்தியம் என்றால் எழுந்து பிரியாணி பக்கம் போய்விடுவார்.

பியானோ ஆன்ட்டி:
மியோ இறந்தது 1974-ல். இங்கே சிங்கப்பூரில் பதிப்புரிமை இறந்த பின் 70 வருடம். ஆகவே காசு கொடுத்து வாங்குங்கள். சலாபேர் பதிப்பு, மூன்று வாத்தியத்துக்குமான நோட்டும் சேர்ந்தே வரும்.

மீதி எட்டு நிமிடத்துக்கு ஷோஸ்டகோவிச்சின் ஐந்து சிறு துண்டுகளைப் பாருங்கள். அவருடைய சினிமா, நாடக இசையிலிருந்து அட்டோவ்மியான் இரண்டு வயலினுக்கும் பியானோவுக்கும் அமைத்தது. இரண்டாம் வயலினைக் கிளாரினெட் எடுத்துக்கொள்ளலாம். கிளாரினெட் வயலினைவிடக் கீழே போகும் என்பதால் எந்தச் சுரமும் விட்டுப்போகாது. பி ஃபிளாட் கிளாரினெட் எழுதியதைவிட ஒரு டோன் கீழே ஒலிக்கும் என்பதால் உங்களுக்கு ஒரு டோன் ஏற்றி எழுத வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு சுரம் வரும் இடத்தில் ஒன்றை விட்டுவிடுங்கள், எதை விடுவது என்று பியானோ பகுதியைப் பார்த்தால் தெரியும். பிரிலூட், கவோட், வால்ட்ஸ் மூன்றும் போதும். அந்தப் பிரிலூடைக் கேட்டால் உங்கள் அப்பா எழுந்து போகமாட்டார். பழைய சினிமாப் பாட்டு மாதிரி நெஞ்சைப் பிசையும்.

பழைய பேண்ட்காரன்:
ஆன்ட்டி சொன்னதுதான் சரி. நான் மூளையைக் கசக்கியும் இது தோன்றவில்லை.

உட்லண்ட்ஸ் மாமா:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். மியோ வந்துவிட்டது, இரண்டு ஒத்திகை முடிந்தது. நாலாவது பகுதியின் தொடக்கம் ஐந்து எண்ணிக்கை. கிரேடு எட்டு முடித்த நண்பர் அங்கேயே நின்றுவிட்டார். மூன்றாம் முறை தடுமாறியதும் அக்கா மகள் வயலினை மடியில் வைத்துவிட்டு, "அங்கிள், தகதகிட தகதகிட" என்று தொடையில் தட்டிக் காட்டினாள். சின்ன வயதில் மிருதங்க வகுப்புக்குப் போனவள். அவர் தமிழர் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு பென்சிலால் நோட்டில் அதையே எழுதி வைத்திருக்கிறார், ஆங்கில எழுத்தில்.

ஒரே ஒரு சிக்கல் பாக்கி. சமூக மன்ற அறையில் குளிர்சாதனம் பயங்கரம். அங்கே போனதும் என் சுருதி பியானோவுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அன்றைக்கு ஒரு மணி நேரம் முன்பே அணைக்கச் சொல்லட்டுமா?

பியானோ ஆன்ட்டி:
அணைத்தால் விருந்தாளிகள் வியர்த்துப் போய் உங்களைத் திட்டுவார்கள். குளிர்ந்த கிளாரினெட் சுருதி இறங்கத்தான் செய்யும். மேடை ஏறும்வரை பெட்டியில் வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் சூடான மூச்சு விட்டுக்கொண்டே இருங்கள். அப்படியும் எட்டவில்லை என்றால் கொஞ்சம் குட்டையான பேரல் (ஊதுவாய்க்குக் கீழே மாட்டும் சிறு துண்டு) ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள்.

தோபாயோ வயலின் டீச்சர்:
மரக் கிளாரினெட்டா, பிளாஸ்டிக்கா? மரம் என்றால் வெளியே வெயிலில் இருந்து நேராகக் குளிர் அறைக்குள் கொண்டுபோய் ஊதாதீர்கள், விரிசல் விடும்.

உட்லண்ட்ஸ் மாமா:
பிளாஸ்டிக்தான் டீச்சர். பள்ளிக் காலத்தில் அப்பா வாங்கித் தந்தது.