பேண்டில் நடுவரிசை ஹார்ன்காரர்களைப் புரிந்துகொள்வது எப்படி?

ராயபுரம்_புதியவன்:
வணக்கம். ராயபுரம் பக்கம் ஒரு கோயில் பேண்டு, மொத்தம் 16 பேர். நடத்துற பொறுப்பு இப்போ என்கிட்ட வந்திருக்கு. எனக்கு ட்ரம்பெட் மட்டும்தான் தெரியும். நடுவரிசையில் நாலு பேர்: ரெண்டு பேர் ஈ ஃப்ளாட் டெனர் ஹார்ன், ஒருத்தர் ஃப்ரெஞ்ச் ஹார்ன், ஒருத்தர் பாரிடோன். ரெண்டு பேர் என்னைவிட வயசுல ரொம்பப் பெரியவங்க. யாருக்கு என்ன வரும், எதைக் கொடுத்தா கஷ்டம்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? பிப்ரவரி 11 பெரம்பூர் லூர்து மாதா தேருக்குள்ள இந்த வரிசை உறுதியா நிக்கணும். நாலு பேரும் சேர்ந்தா சுருதி ஒட்ட மாட்டேங்குது, ஆஃப்பீட்டும் (தாள அடிகளுக்கு நடுவுல விழுற ஊதல்) பின்தங்குது.

மூன்றாவது_வால்வு:
முதல் ஒத்திகையில் முன்னாடி நின்னு கை காட்டாதீங்க தம்பி. டிரம்காரர் எண்ணிக்கை கொடுக்கட்டும், நீங்க அந்த நாலு பேருக்கு நடுவுல நாற்காலி போட்டு உட்காருங்க. ஹார்ன் வாசிப்பது முன்வரிசைக்கு முழுசாக் கேட்காது. டெனர் ஹார்னின் வாய் மேலே பார்க்கும், ஃப்ரெஞ்ச் ஹார்னின் வாய் பின்னாடி பார்க்கும். பக்கத்துல இருந்தாத்தான் யார் ஸ்வரத்தைத் தாங்குறாங்க, யார் பக்கத்து ஆளைப் பார்த்து ஊதுறாங்கன்னு பிடிபடும்.

அடுத்தது ஒவ்வொருத்தர் கையில் இருக்கும் வாத்தியத்தின் சுருதி. உங்க ட்ரம்பெட்டில் ‘சி’ ஊதினா காதுக்கு விழுறது பி ஃப்ளாட். அதே ஒலிக்கு டெனர் ஹார்ன்காரர் ‘ஜி’ ஊதணும், ஃப்ரெஞ்ச் ஹார்ன்காரர் ‘எஃப்’ ஊதணும், ட்ரெபிள் கிளெஃப் (ட்ரம்பெட் தாளில் இருக்கும் அதே குறி) படிக்கும் பாரிடோன்காரர் உங்களைப் போலவே ‘சி’. இந்த ஒரு ஸ்வரத்தைத் தனித்தனியா எட்டு எண்ணிக்கை நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்க. மூச்சு எவ்வளவு, தொடக்கம் சுத்தமா இருக்கா, கடைசியில சுருதி தொங்குதான்னு அதிலேயே பாதி தெரிஞ்சிடும்.

ஃப்ரெஞ்ச் ஹார்ன்காரர் முன்னாடி டெனர் ஹார்னுக்கு எழுதின தாள் இருக்கான்னும் பாருங்க. அதை அப்படியே வாசிச்சா ஒரு முழு ஸ்வரம் ஏறிப் போகும். ஆளைக் குறை சொல்லாம தாளை ஒரு முழு ஸ்வரம் இறக்கி எழுதிக் கொடுங்க.

பெரியவங்க சோல்ஃபாவில் (டோ, ரே, மி எழுத்துமுறை) படிச்சவங்களா இருந்தா ஸ்டாஃப் தாளை (ஐந்து கோட்டு இசைத்தாள்) திணிக்க வேண்டாம். பாட்டு ஈ ஃப்ளாட்டில்னா, டெனர் ஹார்னுக்கு ‘டோ’ சி-யில் வரும், ஃப்ரெஞ்ச் ஹார்னுக்கு பி ஃப்ளாட்டில், பாரிடோனுக்கு எஃப்-இல். தாள் தலையில் பெருசா அதை எழுதிட்டா போதும். கேட்கும்போது “மாஸ்டர், உங்களுக்கு எந்த டோ வசதி?”னு கேளுங்க. “படிக்கத் தெரியுமா?”ன்னு கேட்டா அன்னைக்கே மனசு மூடிடும்.

ஃப்ரெஞ்ச் ஹார்ன்காரருக்கு ஸ்வரம் அடிக்கடி உடைஞ்சா அவசரப்பட்டு எதுவும் முடிவு கட்டாதீங்க. எஃப் ஹார்னின் குழாய் சுமார் 12 அடி, டெனர் ஹார்ன் ஆறரை அடிதான். நீளமான குழாயில் மேல் ஸ்வரங்கள் ரொம்ப நெருக்கமா அடுக்கி இருக்கும், உதடு இம்மி நகர்ந்தாலும் பக்கத்து ஸ்வரம் பேசும். அவருக்கு உள்ளே நுழையுறதுக்கு முன்னாடி ஒரு முழு மெஷர் (ஒரு தாளச் சுற்று) ஓய்வு விட்டு எழுதுங்க.

வியாசை_பேஸ்:
ஆஃப்பீட் பின்தங்க பெரும்பாலும் மூச்சுதான் காரணம். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித்தனியா மூச்சு இழுத்தா யாராலும் நேரத்துக்கு வர முடியாது. நாலு மெஷருக்கு ஒரு மூச்சு, அதையும் ரெண்டு டெனர் ஹார்ன்காரர்களும் மாத்தி மாத்தி எடுக்கணும்.

வாத்தியத்தை மடியில வெச்சுட்டு வாயால சொல்ல வைங்க. 2/4 மார்ச்னா “தக தக”: ‘த’ பேஸ் டிரம், ‘க’ ஹார்ன். 6/8னா “தகிட தகிட”, ஹார்ன் ‘ட’-வில். நிமிஷத்துக்கு 80-இல் ஆரம்பிச்சு 112 வரை ஏத்துங்க. அப்புறம்தான் ஊதணும். நாக்கால வெட்டி நிறுத்தற பழக்கம் இருந்தா அதையும் திருத்துங்க, மூச்சை விட்டாலே ஸ்வரம் தானா முடியும்.

தேர் கூட ஃப்ரெஞ்ச் ஹார்னை நடத்துறது எனக்குச் சம்மதமில்லை. நடக்கும்போது வாய்ப்பகுதி வலப்பக்கம் பின்னாடி பார்க்கும், ஒலி டிரம்காரர் மேலதான் விழும். அவரை டெனர் ஹார்னுக்கு மாத்தலாம். ஆனா மவுத்பீஸ் வேற: ஃப்ரெஞ்ச் ஹார்னுக்கு ஒடுங்கின புனல், டெனர் ஹார்னுக்கு அகலமான கிண்ணம். உதடு பழக சில வாரம் ஆகும், அதனால இப்பவே பேசுங்க.

ராயபுரம்_புதியவன்:
ரொம்ப நன்றி அண்ணா. பி ஃப்ளாட் ஊதச் சொன்னேன். ஒரு பழைய டெனர் ஹார்ன் மட்டும் கிட்டத்தட்ட அரை ஸ்வரத்தில் பாதி ஏறி நிக்குது. வாசிக்கிறவர் நல்ல காது உள்ளவர். வால்வும் காலையில இறுகுதாம்.

மூன்றாவது_வால்வு:
அந்த ஐயா மேல தப்பே இல்லை. பழைய பிரிட்டிஷ் பேண்டு வாத்தியங்கள் ஏ = 452 அளவுக்கு (‘ஏ’ ஸ்வரம் வினாடிக்கு 452 அதிர்வு) செய்தவை, 1960களில்தான் அங்கே 440-க்கு இறங்கினாங்க. இடைவெளி சுமார் 47 சென்ட் (அரை ஸ்வரத்துக்கு 100 சென்ட்), நீங்க சொல்ற அளவு சரியா அதுதான். மெயின் ஸ்லைடை (மொத்தச் சுருதியையும் மாத்துற இழுகுழாய்) ஏறக்குறைய இரண்டே முக்கால் சென்டிமீட்டர் வெளியே இழுக்கணும். அதோட நிறுத்தினா வால்வு போட்ட ஸ்வரங்கள் மட்டும் ஏறியே நிக்கும். முதல் வால்வு ஸ்லைடை 3 மில்லிமீட்டர், மூன்றாவதை 5, இரண்டாவதை ஒன்றரை மில்லிமீட்டர் இழுத்துட்டு டியூனரில் சரிபாருங்க. 1-3 சேர்ந்த ஸ்வரம் எந்த வாத்தியத்திலும் ஏறித்தான் பேசும், அதுக்கு மூன்றாவதை இன்னும் கொஞ்சம் விடலாம். ஸ்லைடு அவ்வளவு நீளம் வராதுன்னா, பழுது பார்க்கிறவர்கிட்ட குழாயை நீட்டித் தர முடியுமான்னு கேளுங்க. அதுவும் முடியலைன்னா அவருக்கு வேற வாத்தியம் தேடுங்க.

எல்லாரும் அஞ்சு நிமிஷம் ஊதிச் சூடாக்கின பிறகுதான் சுருதி பாருங்க. காற்றின் சூடு ஒரு டிகிரி ஏறினா கணக்குப்படி 3 சென்ட் ஏறும், வெயில்ல நின்னுட்டு நிழலுக்கு வந்தா மறுபடி பார்க்கணும்.

பெரம்பூர்_கார்னெட்:
காலையில மட்டும் வால்வு இறுகுதுன்னா, தேங்காய் எண்ணெய் போட்டிருக்காங்களான்னு பணிவாக் கேளுங்க. அது 24 டிகிரிக்குக் கீழே உறையும், மார்கழி விடியலுக்கு அது போதும். பிஸ்டனை வெளியே எடுத்து, வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற திரவம் விட்டு அலசி, துடைச்சு, வால்வு ஆயில் நாலு சொட்டு விடுங்க. ஃபெல்ட் நனையக் கூடாது. பிஸ்டன் மேல 1, 2, 3ன்னு எண் பொறிச்சிருக்கும், மாத்திப் போட்டா காத்தே போகாது.

தேய்மானம் பார்க்க: வால்வை அமுக்காம அதன் ஸ்லைடை இழுங்க, ரெண்டு வினாடி கழிச்சு அமுக்குங்க. ‘டப்’னு சத்தம் வந்தா நல்ல நிலை. சத்தமே இல்லைன்னா காத்து கசியுது, அவர் மத்தவங்களைவிட அதிக மூச்சு செலவழிக்கிறார்னு அர்த்தம். அவருக்கு முதல் பார்ட் கொடுக்காதீங்க. காசிமேடு பக்கம் உப்புக் காத்து என்பதால வாசிச்சு முடிச்சதும் தண்ணியை வடிச்சு வெளிப்புறத்தையும் துடைச்சு வைக்கச் சொல்லுங்க. மவுத்பீஸ் சிக்கிக்கிட்டா கட்டிங் பிளேயர் போட்டுத் திருகவே கூடாது, லீட்பைப் (மவுத்பீஸ் சொருகுற குழாய்) முறுகிடும். மவுத்பீஸ் இழுக்கிற கருவி வெச்சிருக்கிற பழுது பார்க்கிறவர்கிட்டயே கொண்டு போங்க.