மறு: டோரு பள்ளத்தாக்குத் திராட்சைத் தோட்டங்கள் – ‘சொக்கால்கு’வுக்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம். டோரு பள்ளத்தாக்குத் திராட்சைத் தோட்டங்களைப் பற்றிய நம் தமிழ்க் கட்டுரையில், அங்குள்ள நிலவகைகளுக்கு என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘படிக்கட்டு வேளாண்மை’ என்று பாடநூலிலேயே இருக்கிறது. புதிதாக ஒன்று எதற்கு?

ஐயா, பாடநூலில் இருப்பது ஒரு முறையின் பெயர். மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்து பயிரிடுவதைப் படிக்கட்டு வேளாண்மை என்கிறோம், சரி. இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அந்தச் சரிவில் இருக்கும் ஒரு துண்டு நிலத்தின் பெயர். போர்ச்சுகலின் டோரு பள்ளத்தாக்கில் அப்படிப்பட்ட துண்டு ஒரே மாதிரி இருப்பதில்லை. சொக்கால்கு (கல்சுவர் தாங்கும் படி), பத்தமார் (மண்கரை உள்ள படி), மொர்த்தோரியு (கைவிட்ட படி) என்று வகைக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். படியே வெட்டாமல் நடுவது இன்னொரு வகை. எல்லாவற்றுக்கும் ‘படிக்கட்டு’ என்றே போட்டுவிட்டால், 1970களில் எது போய் எது வந்தது என்பதைத் தமிழில் எழுதவே முடியாது. அந்த மலையின் வரலாறே அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

அதனால் சொல்லுக்குப் போகும் முன் பொருளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

அங்கே மண் என்று தனியாக எதுவும் கிடையாது. தகடு தகடாகப் பிளக்கும் சிஸ்ட் பாறைதான் மலை முழுக்க. கொடி நடுவதற்கு முன் அந்தப் பாறையை ஒரு மீட்டர் ஆழத்துக்கும் மேலாக உடைத்துப் புரட்ட வேண்டும். முற்காலத்தில் கடப்பாரையும் கைப்பலமும், பிறகு வெடிமருந்து, இப்போது இயந்திரம். உடைந்த தூளும் சில்லும்தான் கொடிக்கு மண். பெரிய துண்டுகளைப் பொறுக்கி அடுக்கினால் அதுதான் சுவர். ஆக, மண்ணும் சுவரும் ஒரே வேலையில், ஒரே கல்லிலிருந்து வருகின்றன. சுவருக்குச் சுண்ணாம்போ சிமெண்டோ கிடையாது; கல்லின் மேல் கல், இடுக்கில் சில்லு. குளிர்கால மழைநீர் அந்த இடுக்குகள் வழியே வெளியேறிவிடும். காரை பூசி அடைத்துவிட்டால் உள்ளே தேங்கும் நீரின் அழுத்தமே சுவரைத் தள்ளிவிடும். பாறை செங்குத்தாகப் பிளந்திருக்கும் இடங்களில் வேர் அந்தப் பிளவுக்குள் ஆழமாக இறங்கி ஈரத்தைத் தேடிக்கொள்கிறது. ‘ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம்’ என்று அங்கே ஒரு பழமொழி உண்டு. அந்த மூன்று மாதத்தைத் தாக்குப்பிடிக்க இந்த ஆழமான வேர்தான் துணை.

சுவரும் அது தாங்கும் நிலமும் சேர்ந்ததுதான் சொக்கால்கு. சுவர் சரிந்தால் நிலமும் சேர்ந்தே போய்விடும். அதனால் படி என்ற வடிவத்தை வைத்துப் பெயர் சூட்டுவதைவிட, தாங்கி நிற்கும் கட்டை வைத்துச் சூட்டுவது பொருத்தம் என்பது என் வாதம்.

> கற்படி, மண்படி என்று வைத்தால் சுருக்கமாக இருக்குமே.

சுருக்கம்தான், எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் அந்தச் சுவர்களிலேயே வேறொரு கற்படி இருக்கிறது. மேல் நிலத்துக்கு ஏறிப்போக, சுவர் கட்டும்போதே நீளமான பலகைக் கற்களைச் சாய்வாக ஒன்றுக்கு மேல் ஒன்றாக வெளியே நீட்டிவிடுவார்கள். கைப்பிடி எதுவும் இருக்காது. அறுவடை நாளில் கூடை சுமப்பவர் சுவரோரமாகவே அதில் கால்வைத்து ஏறுவார், இறங்குவார். தமிழில் கற்படி என்றால் யாருக்கும் நினைவுக்கு வருவது இப்படிக் கால்வைக்கும் கல்தான். அந்தச் சொல்லை அதற்கே விட்டுவிடுவோம்.

‘படுகை’ என்று எழுதிய அக்காவுக்கு: ஆற்றுப்படுகை என்று புவியியலில் அது ஊறிப்போன சொல். டோருவே ஒரு ஆறு; ‘டோரு படுகையின் படுகைகள்’ என்று எழுத வேண்டிவரும். ‘அடுக்கு’ எனக்கு மிகவும் விருப்பமான சொல், அடுக்கடுக்காக என்று பேச்சிலும் வருகிறது. ஆனால் ‘மண்ணடுக்கு’ என்று மண்ணியலில் ஏற்கெனவே இருக்கிறது. நாம் பத்தமாருக்கு அதைப் போட்டால் வேளாண் மாணவர்கள் வேறு பொருளில்தான் படிப்பார்கள்.

ஆகவே என் முன்மொழிவு ‘கட்டு’. ஆயக்கட்டு என்று நிலப்பரப்பைக் குறிக்கும் சொல்லில் அது ஏற்கெனவே நிற்கிறது. கல்கட்டு என்று கொத்தனார் வாயிலும் இருக்கிறது. ஒரே சொல் கட்டுமானத்தையும் நிலத்தையும் தொடுவது இங்கே குழப்பத்தைத் தராது. டோருவில் அவை இரண்டும் ஒன்றுதானே.

சொக்கால்கு – கற்கட்டு.

இதிலேயே இரண்டு காலம் உண்டு. 1860களில் ஃபில்லாக்செரா என்ற வேர்ப்பூச்சி டோருவுக்குள் நுழைந்தது. அதற்கு முந்தைய கற்கட்டுகள் குறுகலானவை, மலையின் நெளிவுக்கு ஏற்ப வளைந்தவை. சுவர் ஒன்று அல்லது இரண்டு மீட்டர் உயரம், ஒன்றிரண்டு வரிசைக் கொடிதான் பிடிக்கும். பூச்சி அழித்த பிறகு அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி மறுபடி நட்டபோது கட்டியவை அகலமானவை. சுவர் உயரமாகவும் நேராகவும் போகும், தரை லேசாகச் சாய்ந்திருக்கும், பல வரிசை நடலாம். இரண்டுக்கும் தனிச்சொல் வேண்டாம். ‘பூச்சிக்கு முந்தைய’, ‘பிந்தைய’ என்று அடைமொழி போதும். பூச்சியின் பெயருக்கு ‘திராட்சை வேரசுவினி’ என்று போன வாரம் வந்த பரிந்துரையை ஏற்கிறேன். அசுவினிக்கு நெருங்கிய இனம், உழவர்களுக்கும் உடனே புரியும்.

பத்தமார் – மண்கட்டு.

1970கள் முதல் புல்டோசரால் வெட்டியது. கல்சுவர் கிடையாது, சரிவான மண்கரைதான். ஒன்று அல்லது இரண்டு வரிசைக் கொடி, டிராக்டர் ஓட வழி. ஆட்கூலி ஏறி, கிராமங்கள் காலியாகிக்கொண்டிருந்த காலத்தில் அது வேண்டியிருந்தது. குறை சொல்ல முடியாது. ஆனால் கரையே நிறைய இடத்தைத் தின்றுவிடும், மழையில் அரிக்கும், களை மண்டும். இலக்கணப்படி ‘மட்கட்டு’ என்று எழுத வேண்டும் என்று யாராவது சொல்வீர்கள். மட்குடம், மண்குடம் இரண்டும் வழக்கில் இருக்கின்றன. பார்த்தவுடன் ‘மண்’ தெரிவது நல்லது என்பதால் மண்கட்டு.

வீன்யா அவ் ஆல்த்து – ஏறுநிரை.

இதில் கட்டே இல்லை. சரிவை வெட்டாமல், வரிசைகளை மலையின் கீழிருந்து மேலாக நேரே ஏற்றி நடுவது. ‘செங்குத்து வரிசை’ என்ற பரிந்துரையில், கொடியே செங்குத்தாக நிற்பதுபோல் ஒரு தோற்றம் வருகிறது. ‘நிரை’ இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் நாள்தோறும் புழங்கும் சொல். கொழுந்து பறிப்பவருக்கு ஒதுக்கும் செடிவரிசைக்கு அதுதான் பெயர். மலையில் நின்று வேலைசெய்யும் மக்களின் சொல் என்பதால் அதை எடுத்துக்கொண்டேன்.

மொர்த்தோரியு – பட்டகட்டு.

இதைத்தான் எல்லோரும் கவனமாகப் பார்க்க வேண்டுகிறேன். வேரசுவினி கொன்ற பிறகு, மறுபடி நடப் பணமில்லாமல் உரிமையாளர்கள் விட்டுப்போன தோட்டங்கள் இவை. சிலவற்றில் பிறகு ஒலிவ மரம் வைத்தார்கள். மற்றவற்றில் புதர் மண்டிவிட்டது. சுவர் மட்டும் வரிவரியாக அப்படியே நிற்கிறது. போர்ச்சுகீசியப் பெயரிலேயே சாவு இருக்கிறது. ‘கைவிடப்பட்ட தோட்டம்’ என்று மொழிபெயர்த்தால் அது போய்விடும். தரிசு என்றாலும் போதாது, தரிசை அடுத்த ஆண்டே உழலாம். தமிழில் மரம் சாகும்போது ‘பட்டுப்போச்சு’ என்கிறோம். செடிகொடிக்கென்றே இருக்கும் சாவுச்சொல் அது. பட்டமரம் போல பட்டகட்டு. நடுவில் ஒற்று வராது. வந்தால் பட்டம், பட்டயம் பக்கம் போய்விடும்.

> கொடியைச் சுவர் ஓட்டையில் நடுவார்களாமே, அதற்கு?

ஆமாம், அது பழைய கற்கட்டுகளில் உள்ள அழகான ஏற்பாடு. பில்யெய்ரு என்பார்கள். சுவர் எழுப்பும்போதே இடையிடையே பொந்து விட்டு, அதற்குள் கொடியை வைப்பார்கள். வேர் சுவருக்குப் பின்னாலுள்ள மண்ணுக்குள் போகும். தண்டு சுவரின் முகத்திலிருந்து கிடையாக எட்டிப்பார்த்துப் பிறகு மேலே வளையும். இதனால் தரை முழுதும் தானியத்துக்கு மிச்சம். அவ்வளவு இடநெருக்கடியில் வாழ்ந்த மக்களின் யோசனை இது. ‘சுவர்ப்பொந்து’ என்றும், அந்த நடவைப் ‘பொந்து நடவு’ என்றும் வைக்கலாம். பொந்து என்றால் கிளிக்கும் பாம்புக்கும்தான் என்று தயங்க வேண்டாம்; குழந்தைக்கும் புரியும் சொல்.

மற்றவை சுருக்கமாக.

ஒரே தோட்டத்தில் பல ரகங்களைக் கலந்து நட்டு, ஒன்றாகவே பறித்து, ஒன்றாகவே நொதிக்கவிடும் பழைய வழக்கத்துக்குக் ‘கலப்புப் பயிர்’ வேண்டாம், அது வேறு. ‘பல்ரக நடவு’ போதும். கிளை வெட்டுவதற்குக் கவாத்து இருக்கிறது. ‘கத்தரிப்பு’ என்று யாரும் மாற்ற வேண்டாம்.

‘பந்தல்’ பற்றி: கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை பந்தலில்தான் படர்கிறது, அதனால் திராட்சைத் தோட்டத்துக்கே பந்தல் என்று சொல்லலாம் என்ற கருத்து வந்தது. டோருவில் கொடி தாழ்வாக, கம்பி பிடித்து நிற்பது. பந்தல் இருப்பது அதற்கு வடமேற்கே, வீன்யு வெர்தெ ஒயின் வரும் மின்யு பகுதியில். அங்கேயே கொடியை மரத்தில் ஏற்றிவிடும் பழைய முறையும் உண்டு, நம் மலைகளில் மிளகு ஏறுவதுபோல. பந்தல் என்ற சொல்லை அந்தக் கட்டுரைக்கு அப்படியே எடுத்து வைப்போம்.

கடைசியாக, கட்டுரையில் டோருவைக் குறிக்கும் ‘புவிசார் குறியீட்டுப் பகுதி’ என்பதை மாற்றும்படி கேட்கிறேன். அது இக்காலச் சட்டச்சொல். டோருவுக்கு எல்லை வகுக்கத் தொடங்கியது 1756இல், போர்ச்சுகல் மன்னரின் அமைச்சராக இருந்த, பின்னாளில் பொம்பால் பிரபு என்று பெயர் பெற்றவரின் முயற்சியில். டோரு திராட்சையில் செய்யும் போர்ட் ஒயினில் நடந்த கலப்படத்தைத் தடுக்க, நல்ல ஒயின் விளையும் இடங்களைச் சுற்றி முந்நூறுக்கும் மேற்பட்ட கருங்கல் தூண்களை நட்டார்கள். பல கற்கள் இன்னும் தோட்டங்களுக்கு நடுவே இருக்கின்றன. ‘எல்லை வகுத்த வட்டாரம்’, அந்தத் தூணுக்கு ‘எல்லைக்கல்’. நம் ஊர் நில அளவையிலேயே இருக்கும் சொல், புதிதாக ஆக்க ஒன்றுமில்லை.

2001இல் யுனெஸ்கோ மேல் டோருவை உலக மரபிடமாக அறிவித்தது; மேலே சொன்ன எல்லா வகையும் அந்த ஒரே மலைக்காட்சியில் சேர்ந்திருக்கின்றன. கட்டுரையின் அந்தப் பத்தியைக் கற்கட்டு, மண்கட்டு, ஏறுநிரை, பட்டகட்டு என்று மாற்றி எழுதி வரைவில் சேர்த்திருக்கிறேன். ‘பட்டகட்டு’க்கு மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், மற்றவற்றில் பெரிய கருத்து வேறுபாடு இருக்காது என்று நினைக்கிறேன்.

அன்புடன்