சிறைவாசிகளுடன் புகைப்படங்களைக் கொண்டு பணியாற்றுவது: கேமரா இல்லாமல் இயலுமா?

கேள்வி:
நான் உளவியல் முதுகலை மாணவி. நீண்டகாலத் தண்டனை பெற்றவர்களுக்கான வாராந்திரக் குழு அமர்வுக்குத் திட்ட வரைவு எழுதிவருகிறேன். புகைப்படங்களை முன்வைத்துப் பேச வைக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் கேமராவுக்கு அனுமதி கிடைக்காது என்கிறார்கள். படம் எடுக்காமலேயே இதை நடத்த முடியுமா? முதல் அமர்வில் என்ன கேட்பது?

மறுமொழி 1:
முடியும். கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் 2011இல் புகைப்பட வரலாறு கற்பிக்கத் தொடங்கிய நைஜல் புவர் என்ற கலைஞருக்கும் இதே தடை இருந்தது. அவர் புகழ்பெற்ற படங்களை அகன்ற வெள்ளை ஓரத்துடன் அச்சிட்டுக் கொடுத்து, படத்தின் மீதும் ஓரத்திலும் கண்ணில் பட்டதையும் மனத்தில் தோன்றியதையும் எழுதச் சொன்னார். பின்னர், அச்சிறைக் காவலர்களே பல பத்தாண்டுகளாக எடுத்துவைத்திருந்த பழைய நெகட்டிவ்களும் இப்பயிற்சிக்கு வந்தன. அது பாடவகுப்புதான், சிகிச்சை அன்று. எனினும் ‘என்ன உணர்கிறீர்கள்?’ என்பதற்கு முன் ‘இங்கே என்ன இருக்கிறது?’ என்று கேட்கும் அந்த வரிசையைத் தாங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

மறுமொழி 2:
இல்லினாய் மாநிலத்தின் டாம்ஸ் சிறையையும் பாருங்கள். 2013இல் மூடப்படும்வரை தனிமைச் சிறையாக இயங்கிய அங்கே, உள்ளிருப்பவர் தாம் காண விரும்பும் எதையும், கற்பனையானதையும்கூட, கேட்டு எழுதலாம். வெளியிலுள்ள தன்னார்வலர்கள் அதைப் படமாக்கி அனுப்புவார்கள். காதல் ஏக்கத்தில் வாடும் கோமாளியைக் கேட்டு ஒருவர் எழுதினார். சிறையை மூடக் கோரிய இயக்கத்தின் பகுதியாக எழுந்த முயற்சி அது. ஆனாலும் படத்தைவிட அந்த வேண்டுகோள் கடிதங்களே அதிகம் பேசுவதாக எனக்குப் படுகிறது.

மறுமொழி 3:
நான் ஆற்றுப்படுத்துநராகப் பணியாற்றுகிறேன். கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ஜூடி வைசர், பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் நடத்தும் புகைப்படச் சிகிச்சையையும், ஒருவர் தம் நலனுக்காகத் தாமே மேற்கொள்ளும் புகைப்படப் பணியையும் வேறுபடுத்துகிறார். வரைவில் தங்களுடையது எது என்பதைத் தெளிவாக எழுதுங்கள்; ஏனெனில் எதிர்பாராமல் ஒருவர் உடைந்துபோனால் யார் பொறுப்பு என்பதை அதுவே தீர்மானிக்கும். ஆபத்தில்லாத படம் என்று கருதி நான் ஒருமுறை தூக்குவாளி ஒன்றின் படத்தை மேசையில் வைத்தேன். ஒருவர் அதைக் கவிழ்த்துவைத்துவிட்டு, அமர்வு முடியும்வரை அதன்மீது உள்ளங்கையை வைத்தபடியே இருந்தார். நான் காரணம் கேட்கவில்லை. மூன்று வாரங்கள் கழித்து அவரே சொன்னார். ஆகவே ஒரே படத்தை எல்லோருக்கும் கொடுக்காமல் நாற்பது ஐம்பது படங்களைப் பரப்பி, அவர்களையே தேர்ந்தெடுக்க விடுங்கள். எதையும் எடுக்காமலிருக்கவும் உரிமை உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எழுதிய தாள்கள் யாரிடம் இருக்கும், வழக்குக் கோப்பில் சேருமா என்பதையும் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. தாள்களைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. நாளை அதைத்தான் முதலில் கேட்கப்போகிறேன்.