வேலை போன குடும்பஸ்தன் திருடப் போகிறான், யாரும் நம்பமாட்டேன் என்கிறார்களே?

முதல்வரைவு:

வணக்கம் நண்பர்களே. ஒரு முழுநீளப் படத்துக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாற்பதைத் தாண்டிய ஒருவன், ஒரு கம்பெனியில் கணக்குப் பார்ப்பவன். ஆட்குறைப்பில் வேலை போய்விடுகிறது. மனைவி, ஒரு மகள், ஒரு மகன். எங்கும் வேலை கிடைக்காமல் கடைசியில் நகைக்கடை ஒன்றில் கொள்ளையடிக்கப் போகிறான். இவ்வளவுதான் கதை.

படித்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்: "பாவமாக இருக்கிறது, ஆனால் இவன் திருடுவான் என்று தோன்றவில்லை." சரி, காரணம் போதவில்லை போலிருக்கிறது என்று மகளுக்கு அவசர அறுவை சிகிச்சை வைத்தேன். கடன்காரன் வீட்டு வாசலில் வந்து கத்துகிற காட்சியும் சேர்த்தேன். இப்போது இன்னும் அதிகமாகப் பாவப்படுகிறார்கள். நம்பிக்கை மட்டும் வரவில்லை.

இந்தக் கதை எனக்கு முக்கியம். என் அப்பா வேலை பார்த்த ஆலை மூடப்பட்டபோது அவர் எந்தத் தவறான வழிக்கும் போகவில்லை. ஆனால் பகல் நேரத்தில் வீட்டில் இருக்கவே அவர் கூச்சப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கூச்சம் ஒரு மனிதனை எதுவரை கொண்டுபோகும் என்பதுதான் நான் எழுத நினைப்பது.

இந்த மாதிரிப் படங்களில் எது நம்பவைக்கிறது? முடிவைச் சொல்லி எழுதினாலும் பரவாயில்லை.

பழையபிரிண்ட்:

முதலில் அந்த அறுவை சிகிச்சையை எடுத்துவிடுங்கள். மகள் உயிருக்குப் போராடினால் திருடுவதற்கு அவனுக்கு ஒரு அனுமதிச் சீட்டு கிடைத்துவிடுகிறது. பார்ப்பவர்களும் "வேறென்ன செய்வான்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார்கள். அவனுக்குள் நடக்கும் போராட்டத்தைக் கவனிக்கவே மாட்டார்கள்.

விட்டோரியோ டி சிக்காவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' (1948) படத்தை மறுபடி பாருங்கள். போருக்குப் பிந்தைய ரோம். அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை. சைக்கிளோ அடகில் இருக்கிறது. மனைவி மரியா கட்டில் விரிப்புகளை உருவி, மூட்டை கட்டி எடுத்துப்போய் அடகு வைக்கிறாள். கடைக்காரர் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலமாரியில் ஏறுகிறார், ஏறுகிறார், ஏறிக்கொண்டே இருக்கிறார். கூரை உயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பதெல்லாம் அடுத்தவர் வீட்டு விரிப்புகள். ஊர் முழுக்க என்ன நிலைமை என்பதை அந்த ஒரு காட்சி சொல்லிவிடும். வசனமே தேவையில்லை.

அந்த வீட்டில் யாரும் சாகக் கிடக்கவில்லை. சின்னப் பையன் புரூனோ பெட்ரோல் பங்க்கில் வேலைக்குப் போகிறான். அப்பா சம்பாதிக்காத வீட்டில் மகன் சம்பாதிக்கிறான்! இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் படம் முழுக்க அந்தோனியோவை அரிப்பது அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

அவன் திருடுவது படத்தின் கடைசிச் சில நிமிடங்களில். கால்பந்து மைதானத்துக்கு வெளியே வரிசை வரிசையாகச் சைக்கிள்கள் நிற்கின்றன. மகனிடம் காசு கொடுத்து டிராமில் போகச் சொல்கிறான். கவனியுங்கள், மகனை அனுப்பிவிட்டுத்தான் கை வைக்கிறான். பையனோ டிராமைத் தவறவிட்டுவிட்டு எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறான். கூட்டம் அப்பாவைப் பிடித்து அறைகிறது. சைக்கிள்காரர் பையனின் முகத்தைப் பார்த்துவிட்டு, போகட்டும் என்று விட்டுவிடுகிறார்.

உங்கள் கதையில் அவனை யார் பார்க்கிறார்கள்? அதை நீங்கள் எழுதவே இல்லை.

இன்னொன்று. அந்தோனியோவாக நடித்த லம்பெர்த்தோ மஜ்ஜொரானி தொழில்முறை நடிகர் இல்லை, ஆலைத் தொழிலாளி. படம் முடிந்து ஆலைக்குத் திரும்பியவருக்கு ஆட்குறைப்பில் வேலை போனது. இந்தப் படத்தைப் பற்றி எப்போது பேசினாலும் எனக்கு இது நினைவுக்கு வந்து மனது கனத்துவிடும்.

நேர்ப்பேச்சு:

எனக்கு வேறொரு கவலை. இந்த வகைப் படங்கள் பலவற்றில் பறிகொடுப்பவனுக்கு முகமே இருப்பதில்லை. நகைக்கடை, வங்கி, பணக்காரர் வீடு, இப்படி யாரென்று தெரியாத ஒரு இடம். இழப்பவன் கண்ணில் படாதபோது நாயகனுக்காக வருத்தப்படுவது ரொம்ப எளிது. அது எனக்கு நியாயமாகப் படவில்லை. கொள்ளைக்குப் பின் அந்தக் கடையில் வேலை பார்க்கும் பெண்ணின் நிலை என்ன? அவளும் சம்பளத்தை நம்பி வாழ்பவள்தானே.

பழையபிரிண்ட் சொன்ன படமே இதைச் சரியாகச் செய்கிறது. அந்தோனியோ தன் சைக்கிளைத் திருடிய இளைஞனைக் கண்டுபிடித்துவிடுகிறான். அந்தப் பையனுக்கு நடுத்தெருவில் வலிப்பு வருகிறது. அக்கம்பக்கத்தவர் எல்லோரும் அவன் பக்கம் நிற்கிறார்கள். வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் அங்கேயும் வறுமைதான். பறிகொடுப்பதன் வலியைத் தானே அனுபவித்து, திருடியவனின் நிலையையும் பார்த்த பிறகுதான் அந்தோனியோ கை நீட்டுகிறான். அதனால்தான் நம்மால் அவனை மன்னிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

பார்க் சான்-வூக்கின் 'நோ அதர் சாய்ஸ்' (2025) இன்னும் ஒரு படி மேலே போகிறது. கொரியக் காகித ஆலையில் 25 வருடம் வேலை பார்த்தவன், தன்னோடு அதே வேலைக்குப் போட்டியிடக்கூடியவர்களைக் கொல்லத் திட்டமிடுகிறான். அவர்களும் அவனைப் போலவே வேலை பறிபோனவர்கள். காகிதத்தைத் தவிர வேறு தொழில் தெரியாதவர்கள். அவன் கொல்லப் போகும் இடமெல்லாம் ஏறக்குறைய அவனுடைய வீடு மாதிரியே இருக்கிறது.

பகல்வெளிச்சம்:

எழுதுகிறவர் அப்பாவின் கூச்சத்தைப் பற்றிச் சொன்னதால் இதை எழுதுகிறேன். எனக்கும் ஒருமுறை வேலை போனது. யாரிடமும் சொல்லவில்லை. காலையில் வழக்கமான நேரத்துக்குக் குளித்து, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். பணக் கஷ்டம் அப்புறம்தான் வந்தது. அதற்கு முன்பே என்னைத் தின்றது "இன்று ஆபீஸில் என்ன நடந்தது" என்று மனைவி சாதாரணமாகக் கேட்கும் கேள்வி. நடக்காத ஒரு மீட்டிங்கைப் பற்றி நான் விவரமாகச் சொல்வேன். யார் என்ன பேசினார்கள் என்பது உட்பட. ஒரு பொய் சரளமாக வர ஆரம்பித்துவிட்டால் அடுத்ததற்கு நெஞ்சு அடித்துக்கொள்வதில்லை. குற்றம் என்று நீங்கள் எழுதப்போவதன் முதல் படி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன், ஆயுதத்தில் இல்லை.

கியோஷி குரோசாவாவின் 'டோக்கியோ சொனாட்டா' (2008) பார்த்தபோது என்னால் முழுதாக உட்கார முடியவில்லை. அதில் அப்பா கோட்டு சூட்டோடு கிளம்பிப்போய்ப் பூங்காவில் இலவசச் சாப்பாட்டு வரிசையில் நிற்கிறார். அங்கே பழைய பள்ளி நண்பன் ஒருவனைச் சந்திக்கிறார். அவனுக்கும் வேலை இல்லை. தன் செல்போன் மணிக்கு ஐந்து முறை தானாக ஒலிக்கும்படி வைத்திருக்கிறான், பிஸியான ஆள் என்று காட்டிக்கொள்ள. பிறகு அப்பா ஒரு வணிக வளாகத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்கிறார். கழிவறையில் பணக்கட்டு கிடைக்கிறது. எடுத்துக்கொண்டு ஓடுகிறார். அந்த ஓட்டத்தை நான் அப்படியே நம்பினேன். அதுவரை அவர் எத்தனை பொய் சொன்னார் என்பதைக் கூடவே இருந்து பார்த்தோமே.

கடன்காரன் வந்து கத்தவே வேண்டாம் தம்பி. வீட்டில் எல்லோரும் அன்பாக இருக்கட்டும். அதுதான் அவனுக்குத் தாங்க முடியாதது.

முதல்வரைவு:

பகல்வெளிச்சம் அண்ணா, உங்கள் பதிலை வெகுநேரம் திரும்பத் திரும்பப் படித்தேன். நடக்காத மீட்டிங்கை விவரிக்கும் அந்த விஷயத்தைக் கதையில் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கேட்கிறேன். அறுவை சிகிச்சை, கடன்காரன் இரண்டையும் இன்றே எடுத்துவிடுகிறேன். ஆனால் அவற்றை எடுத்தால் நகைக்கடைக்கு அவன் எப்படிப் போய்ச் சேர்வான் என்பது இன்னும் கடினமாகிவிடுகிறதே?

கத்தரிமேசை:

போய்ச் சேரமாட்டான். கணக்குப் பார்த்தவன் நகைக்கடைக்குள் ஏன் துப்பாக்கியோடு நுழைய வேண்டும்? வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்தவனுக்கு அந்த உடம்பும் வராது, குரலும் வராது. உங்கள் நண்பர்கள் நம்பாதது அவனுடைய காரணத்தை இல்லை, அவன் தேர்ந்தெடுத்த குற்றத்தைத்தான் என்பது என் கணிப்பு. அவனுக்குத் தெரிந்த வேலையிலிருந்தே குற்றம் வரவேண்டும்.

சாப்ளினின் 'மொஸ்யே வெர்து' (1947) எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் வங்கியில் குமாஸ்தா. பொருளாதார மந்தத்தில் வேலை போனதும், நடக்க முடியாத மனைவிக்காகவும் சின்ன மகனுக்காகவும், பணம் உள்ள பெண்களை மணந்து கொல்வதைத் தொழிலாகவே வைத்துக்கொள்கிறான். நோட்டுக் கட்டைக் கையில் எடுத்தால் விரல்கள் பறக்கும். அத்தனையும் பழைய வங்கி வேகம். எல்லாம் போனபிறகும் அந்த விரல்களுக்கு வேலை மறக்கவில்லை என்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்போடு பயமும் வரும்.

டொனால்ட் வெஸ்ட்லேக்கின் 'தி ஆக்ஸ்' (1997) நாவலிலும் இதே சூட்சுமம்தான். காஸ்டா-காவ்ராஸ் 2005இல் பிரெஞ்சில் எடுத்ததும், நேர்ப்பேச்சு சொன்ன கொரியப் படமும் இந்த நாவலிலிருந்து வந்தவையே. நாயகன் முதலில் செய்வது ஒரு போலி வேலை விளம்பரம் கொடுப்பது. விண்ணப்பங்கள் வந்து குவிகின்றன. தன்னைவிடத் தகுதியானவர் யார் என்று அவன் பொறுக்கி எடுக்கிறான். வேலை தேடி அலைந்தவன் தான் கற்றதை அப்படியே திருப்பிப் போடுகிறான், அவ்வளவுதான். ஒரு நொடிகூட சந்தேகம் வராது.

லோரான் கான்டேயின் 'டைம் அவுட்' (2001) உங்களுக்கு இன்னும் நெருக்கம். வின்சென்ட் தான் ஜெனீவாவில் ஐ.நா. வேலையில் சேர்ந்துவிட்டதாக வீட்டில் சொல்கிறான். நண்பர்களிடம் முதலீடு என்று பணம் வாங்குகிறான். அவனுக்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை. அலுவலக மொழி சரளமாக வருகிறது, அது போதும். அந்தக் கதைக்குப் பின்னால், 1993இல் பிரான்சில் தன் குடும்பத்தையே கொன்ற ஒருவனின் உண்மைச் சம்பவம் இருக்கிறது. ஆனால் கான்டே கொலைப் பக்கமே போகாமல், கடைசியில் அவனை ஒரு வேலை நேர்காணலில் உட்கார வைத்துப் படத்தை முடிக்கிறார். என்னைப் பொறுத்தவரை அதுவே கொடூரமான முடிவு.

உங்கள் ஆளுக்குக் கணக்கு தெரியும். அவனை நம்பி வரவு செலவை ஒப்படைக்கக்கூடிய ஒருவர் சுற்றத்தில் இருக்கலாம். வயதான உறவினர், அல்லது பக்கத்து வீட்டுக்காரர். "நீ பார்த்துக்கொள் தம்பி" என்று அவர் புத்தகத்தை நீட்டட்டும். முதலில் ஒரு சின்னத் தொகை, அடுத்த மாதம் திருப்பி வைத்துவிடுவதாக நினைத்து. நேர்ப்பேச்சு கேட்ட முகமும் கிடைத்துவிடும்.

முதல்வரைவு:

இதைப் படித்ததும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். அந்த உறவினரை மகளுக்குப் பிடித்தவராக வைக்கலாம் என்று தோன்றுகிறது. அவன் கணக்குப் புத்தகத்தைத் திருத்தும்போது மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்கிறாள், ஒரு கூட்டலில் உதவி கேட்கிறாள். கடைசியில் அவன் பிடிபட வேண்டுமா, தப்பிக்க வேண்டுமா என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

பழையபிரிண்ட்:

அந்தக் கூட்டல் காட்சியை விட்டுவிடாதீர்கள், பிரமாதம். மகளுக்குக் கணக்கு நன்றாக வரும் என்று முதல் காட்சிகளிலேயே போட்டுவையுங்கள்.

பிடிபடுவதை அப்புறம் யோசிக்கலாம். வீட்டில் யாருக்கு எப்போது தெரியவருகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 'நோ அதர் சாய்ஸ்' படத்தில் போலீஸைவிட மனைவிக்குத் தெரிவதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. அவள் தெரிந்தும் வெளியே சொல்லவில்லை. அவனுக்கு வேலையும் கிடைத்துவிடுகிறது, முழுக்க இயந்திரங்கள் ஓடும் ஆலையில், கூட வேலை செய்ய ஒரு மனிதர் இல்லாமல். உங்கள் கதையில் மகள் அந்தப் புத்தகத்தை ஒருநாள் தானாகவே கூட்டிப் பார்க்கட்டும். விடை வராது. அப்பாவிடம் வந்து கேட்பாளா, அம்மாவிடம் போவாளா? அதை எழுதி இங்கே போடுங்கள், படிக்கிறோம்.